ஸகாத் பட்டியலில் யாருடைய உம்மா?

பதிவு கொஞ்சம் நீளம். வாசிக்காமல் லைக் போட வேண்டாம். வாசித்துவிட்டுத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

நோன்பு நெருங்கும்போது நமது பள்ளிவாசல்களில் ஸகாத் பட்டியலும் உலர் உணவுப் பொதிப் பட்டியலும் தயாராகும். அதில் வயதான உம்மாமாரின் பெயர்கள் நிறைய இருக்கும். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகளே அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள், இவர்களைப் பற்றி நமக்கு ஒரு பேச்சும் இல்லை. அது அவர்களுடைய உரிமை. நாம் கேட்பது மற்றப் பெயர்களைப் பற்றி. ஒரு மகன் கட்டாரில், ஒரு மகன் கொழும்பில் கடை, மகள் மாத்தளையில் மாடி வீட்டில். உம்மாவின் பெயர் மட்டும் பட்டியலில். இது எப்படி?

பிள்ளை தன்னுடைய ஸகாத்தைத் தாய் தகப்பனுக்குக் கொடுக்க முடியாது என்பது குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும். இல்லாத பெற்றாருக்குச் செலவழிப்பது வசதியுள்ள பிள்ளையின் மீது ஏற்கெனவே கடமை, அதனால்தான் முடியாது. தானே கொடுக்க வேண்டியதை ஸகாத் கணக்கில் எழுத முடியாது என்றால், அதை ஊராருடைய ஸகாத் பணத்தின் தலையில் கட்டிவிடுவது மட்டும் எப்படிச் சரியாகும்? அந்த மகனும் ஸகாத் கொடுக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. வேறு ஊர்ப் பள்ளிவாசலுக்கு அனுப்பி, ரசீதையும் ஸ்டேட்டஸில் போடுகிறார். அவருடைய உம்மா இங்கே அரிசிப் பொதிக்கு டோக்கன் எடுத்து வரிசையில் நிற்கிறார்.

கேட்டால் என்ன பதில்? "என்ன செய்யிற ஹாஜியார், எங்களுக்கும் புள்ள குட்டி இருக்கு. உம்மாவப் பாக்குறது லேசில்ல, பெரிய பாரம்."

பாரம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பெற்றார் கூட்டத்துக்குப் பெற்றார் வருவதில்லை, உம்மும்மாமார்தான் வருகிறார்கள். மகள் குவைத்தில், மருமகன் எங்கேயோ. முன்னேற்ற அறிக்கையில் கையொப்பம் வைக்கத் தெரியாதவர் பெருவிரலை வைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான். 2013ஆம் ஆண்டு முதல் பல வருடங்கள், வெளிநாடு போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது ஞாபகம் இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறார் என்று காட்டினால்தான் பயணம். எத்தனை வீடுகளில் அந்த ஆள் உம்மும்மா? அன்று அவருக்கு வயது ஐம்பது, ஐம்பத்தைந்து. முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு, நான் பார்க்கிறேன் மகள், நீங்கள் போய் வாருங்கள் என்று சொன்னார். அவர் வளர்த்த பேரன் இன்று பைக் ஓடுகிறான். அவர் கட்டிலில் விழுந்ததும் பாரமாகிவிட்டார். எந்தப் படிவத்திலும் உம்மாவை யார் பார்ப்பது என்று ஒரு கேள்வி கேட்கப்படவில்லை.

கஷ்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நினைவு தப்பிய வாப்பாவை இரவில் கதவைத் திறந்துகொண்டு போகாமல் காவல் இருப்பது கஷ்டம்தான். பெம்பர்ஸ் விலை தெரியும். ரிவர்ஸ்டன் பாதையோர ஊர்களிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வயதானவரைக் கூட்டிப் போவது என்றால் சுபஹுக்கு முன் எழும்ப வேண்டும். கண்டிக்கு அனுப்பினால் அன்றைய நாளே முடிந்தது. ஆனால் இந்தப் பாடெல்லாம் படுவது யார்? அநேகமாக ஒரே ஒரு மகள். இல்லையென்றால் ஒரு மருமகள், மார்க்கம் அவர் மீது கடமையாக்கவே இல்லாத வேலை அது. பாரம் என்று வாய் நிறையச் சொல்கிறவர்கள் அவர்கள் அல்ல. இமோவில் கோல் எடுத்து, உம்மாவுக்கு ஏன் இவ்வளவு மெலிவு, ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லையா என்று விசாரணை நடத்தும் நானாமார்தான் அந்தச் சொல்லையும் சொல்கிறார்கள். நாலு பேர் தூக்க வேண்டியதை ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டு, கனமாக இருக்கிறதே என்று தூரத்தில் நின்று பேசுகிறார்கள்.

காணிக் கதைக்கு வருவோம். இந்தப் பக்கத்து வாப்பாமார் பலர் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்றுப் பிழைத்தவர்கள். பென்ஷன் இல்லை, ஈபிஎப் இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் ஒரு வீடும் கொஞ்சக் காணியும்தான். "வாப்பா, லோன் எடுக்கணும், உறுதிய என்ட பேருக்கு மாத்தித் தாங்க" என்றதும் நொத்தாரிசிடம் போய்க் கையொப்பம் வைத்துவிட்டு வருகிறார்கள். உயிர் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை உறுதியில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொன்னால் மகனை நம்பவில்லையா என்ற கேள்வி வரும். எழுதுங்கள், நம்பிக்கையோடேயே எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம்தானே நம்முடையது.

கொடுத்த பிறகு பிள்ளை படு மோசமாக நன்றி மறந்து நடந்தால், மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைக்கூட ரத்துச் செய்யக் கேட்பதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். எழுபத்தைந்து வயதில் வழக்குத் தவணைக்கு அலைய யாரால் முடியும்?

அதை விட லேசான வழி ஒன்று உண்டு. அது இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றாரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது, பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத, 60 வயது தாண்டிய பெற்றார் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். மாதாமாதம் இவ்வளவு கொடு என்று பிள்ளைக்கு உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. சிங்கப்பூர் 1995இலும் இந்தியா 2007இலும் இதே மாதிரிச் சட்டங்களைக் கொண்டு வந்தன. இது நமது ஊரின் நோய் மட்டுமல்ல என்பதற்குத்தான் சொல்கிறோம், ஆறுதலுக்கு அல்ல.

இதைச் சொன்னால் உடனே கிளம்பும் பேச்சு, மானம் போய்விடும். பெற்ற பிள்ளைக்கு எதிராக ஓர் உம்மா கந்தோர் ஏறுவதா? சரி, அரிசிப் பொதி வரிசையில் நின்றபோது போகாத மானமா இப்போது போகப் போகிறது? அந்த உம்மாவே பிள்ளையைக் காட்டிக் கொடுக்க மாட்டார், அது வேறு விஷயம். மகன் அனுப்புகிறான், போன மாதம்தான் கொஞ்சம் பிந்திவிட்டது என்பார். இந்தப் பொய்யை அவர் எத்தனை வருடமாகச் சொல்கிறார் என்பது அயல் வீட்டுக்குத் தெரியும்.

பெருநாளைக்கு மறுநாள் இரத்தோட்டைக்கு மேலே போய்ப் பாருங்கள். ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வேன்கள் வரிசையாக நிற்கும். கோபுரத்தடியில் காற்று வாங்க, பிட்டவல பத்தனயில் படம் எடுக்க, சேர எல்லயில் குளிக்க. போகட்டும், அல்லாஹ் படைத்த அழகு, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதில் சில வேன்கள் உம்மா இருக்கும் வீட்டைத் தாண்டித்தான் போகின்றன. போகும்போது பத்து நிமிடம், வரும்போது இருட்டிவிட்டது என்று ஹோர்ன் சத்தம் மட்டும். வறிய முதியோருக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவுக்கு ஏறியது. கொழும்பிலிருந்து ரிவர்ஸ்டன் வந்து திரும்பும் வேனுக்கு அந்தக் காசில் டீசல் அடிக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த முறை பட்டியலில் ஒரு வயதானவரின் பெயரை எழுதும்போது, பக்கத்திலேயே பிள்ளைகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். பொதியைக் கொடுங்கள், அதை நிறுத்த வேண்டாம், பசி காத்திருக்காது. கொடுத்த அன்றே பிள்ளைகள் எல்லோருக்கும் கோல் எடுங்கள், மூத்தவருக்கு மட்டும் அல்ல. உங்கள் உம்மாவுக்கு ஜமாஅத் இவ்வளவு கொடுத்தது, மாதம் யார் யார் எவ்வளவு போடுகிறீர்கள், கிளினிக்குக்கு யார் கூட்டிப் போகிறீர்கள் என்று கேளுங்கள். மகள் பார்க்கிறார் என்றால், அந்த மகளுக்கு மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு, அந்த நாளில் யார் வருகிறார் என்பதையும் கேளுங்கள். மூன்று மாதம் பார்த்தும் அசையாதவருடைய விஷயத்தைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொண்டு போவோம். படிவம் நிரப்ப, சிங்களத்தில் கடிதம் எழுத, கூடவே போய்வர எங்களில் சிலர் இருக்கிறோம். வார நாட்களில் பாடசாலை விட்ட பிறகு வரலாம். முதல் நாள் சொல்லி வைத்தால் போதும், ஆட்டோவுக்கும் நாங்களே சொல்கிறோம்.