திரட்டியவரும் காத்தவரும்

ஐதராபாத்திலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்குச் செல்வோரிற் பலர், இசைக் கடிகாரத்தையும் முகத்திரை அணிந்த ரெபேக்கா சிலையையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். பென்சோனி என்னும் சிற்பி பளிங்கிலே மெல்லிய துகிலைப் படரவிட்ட அச்சிலையை, முதலாம் சாலார் ஜங் 1876ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்தின்போது உரோமில் வாங்கினார். அவர்தம் பேரர் மீர் யூசுப் அலி கான், நிசாமின் திவான் பதவியை 1914இல் துறந்தபின், தம் பெருஞ்செல்வத்தைக் கலைப்பொருள்களுக்கும் கையெழுத்துப் படிகளுக்குமே வாரி வழங்கினார். யாகூத் அல் முஸ்தஃசிமி எழுதிய திருக்குர்ஆன் படியொன்றும் அங்குண்டு. ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் மூவரும் அதிற் கையொப்பமிட்டுள்ளனர். அதனைத் தேடிச் செல்வோர் எத்தனை பேர்?

மணம் புரியாத அவ்வள்ளல் 1949இல் மறைந்தார். அத்தோடு யாவும் ஏலத்திற்குப் போயிருக்கக்கூடும். உறவினர் தம் உரிமையை நாட்டிற்கு விட்டுக்கொடுத்தனர்; 1961இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. திரட்டியவரைப் போற்றும் நாம் இவர்களை மறந்துவிடுகிறோம். என் கருத்தில் இவர்கள் தொண்டே பெரிது.

நம் பகுதிக்கு வருவோம். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோன் சென்று பொருளீட்டியோர் பலர். அவர்கள் கொணர்ந்த பீங்கானும் கடிதக்கட்டும், பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும் பரண்களிற் செல்லரிக்கின்றன; வீடு இடிக்கும் நாளிற் பழைய பொருள் வாங்குவோன் கைக்குப் போகின்றன. பொருள் உரியவரிடமே இருக்கட்டும். நம் தமிழ்த்துறை மாணவர் விடுமுறையில் உறுவையாறு, வில்லியனூர், பாகூர் இல்லங்கள்தோறும் சென்று, இன்னாரிடம் இன்னது உள்ளது என்றொரு பட்டியல் எழுதலாம். அதற்கு ஒரு குறிப்பேடும் பெரியோர் இசைவும் போதும்.