பொதுப்பணம் எந்தப் பந்துக்கு?

மெல்பர்னில் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ரக்பி லீக் என்று ரசிகர்கள் பிரிந்திருந்தாலும், சாக்கரை ஒதுக்குவதில் இரு தரப்பும் நெடுங்காலம் ஒன்றாகவே நின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறிய இத்தாலியரும் கிரேக்கரும் குரோவேஷியரும் கழகங்கள் அமைத்து வளர்த்த ஆட்டத்துக்கு ‘அந்நியர் விளையாட்டு’ என்று முத்திரை குத்தினார்கள். 2023 மகளிர் உலகக் கோப்பை அந்த முத்திரையைப் பொய்யாக்கியது. ஆஸ்திரேலியா இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அரையிறுதியைக் காண சிட்னி அரங்கில் 75,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் அதிகம். பிள்ளைகள் பெருமளவில் சேர்ந்து ஆடும் குழு விளையாட்டும் சாக்கர்தான். ஆனாலும் உள்ளூர்க் கழகங்கள் மைதானத்துக்கும், மின்விளக்குக்கும், பெண்களுக்கான உடைமாற்றும் அறைக்கும் கையேந்தி நிற்கின்றன. டாஸ்மேனியாவுக்கு ஓர் அணி வேண்டுமென்றால் ஹோபார்ட்டில் கூரையிட்ட புது அரங்கம் கட்ட வேண்டும் என்று ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை நடத்தும் ஏ.எஃப்.எல். நிபந்தனை விதித்தபோது, அரசுகள் இசைந்தன. பலம் உள்ளவர் கேட்டால் கோடிகள், பிள்ளைகள் கேட்டால் காத்திருப்புப் பட்டியல் என்பது நியாயமல்ல. எது அசல் ஆஸ்திரேலிய ஆட்டம் என்ற வாதத்தை ரசிகர்கள் நடத்திக்கொள்ளட்டும். அரசு பார்க்க வேண்டியது ஆடுகிறவர்களின் எண்ணிக்கையை; பொதுப்பணம் அதன்படியே பகிரப்பட வேண்டும்.