கடப்பா மேல டைல்: யாரைக் கேட்டு ஒட்டினேன்?

போன ஞாயித்துக்கிழமை ஒரு நண்பர் போன் பண்ணினார். மதுரைக்காரர். ஹிஞ்சவடியில வேலை, வாகட் பக்கம் பழைய பிளாட் ஒண்ணு வாங்கியிருக்கார். "சமையல் மேடையை உடைக்கவே வேண்டாம், மேலயே டைல் ஒட்டிரலாம், ரெண்டே நாள்ல முடிஞ்சிரும்னு மிஸ்திரி சொல்றாருங்க. நீங்க ஏற்கெனவே பண்ணினவராச்சே, நல்லா வந்துச்சா?"

நல்லாத்தான் வந்துச்சு. பார்க்கறதுக்கு. :-)

போன்ல சொல்லி முடியற கதை இல்லைங்கறதால இங்க எழுதறேன். இன்னும் நாலு பேருக்கு உபயோகப்பட்டா சந்தோஷம். என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பழைய மேடை மேல டைல் ஒட்டறது தப்பே இல்ல. அந்த மேடை முன்னாடி நிக்கறவங்களைக் கேக்காம ஒட்டறதுதான் தப்பு. நான் கேக்காம ஒட்டினவன்.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2009ல நாங்க புனேயில வீடு வாங்கினப்போ சமையல் மேடை கடப்பாக் கல்லுல இருந்துச்சு. மராட்டியில இந்த மேடைக்கு 'ஓட்டா'ன்னு பேரு. இங்க பழைய பிளாட்டுகள்ல போனீங்கன்னா நிறைய வீட்டுல கடப்பா ஓட்டாதான். ஆந்திராவுல கடப்பாப் பக்கம் வெட்டி எடுக்கற கறுப்புச் சுண்ணாம்புக்கல் அது. சுண்ணாம்புக்கல்லுங்கறதால புளியும் எலுமிச்சம்பழமும் அதுக்கு ஆகாது. சிந்தின இடம் வெளுத்துப் போயிரும். தமிழ்நாட்டுச் சமையல்ல புளி சிந்தாத நாள் எது? பத்து வருஷத்துல எங்க மேடை தேமல் விழுந்த மாதிரி ஆயிருச்சு. வர்ற விருந்தாளி எல்லாம் அதையே பாக்கற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

2019ல ரெண்டு மிஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தர், உடைச்சுட்டு கிரானைட் போடணும், அஞ்சு நாள் சமையல் கிடையாதுன்னார். இன்னொருத்தர் கல்லைத் தட்டிப் பாத்துட்டு, மேலயே டைல் போட்டுடலாம்னார். செலவு பாதிக்கும் கம்மி, தூசி கிடையாது, கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். எனக்கு ரெண்டாவது ஆள்தான் தெய்வமாத் தெரிஞ்சார்.

தங்கமணி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "அத்தையையும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

அப்பா 2018ல போனப்புறம், அம்மா தீபாவளிக்கு கோவில்பட்டியில இருந்து கிளம்பி எங்களோட வந்து இருப்பாங்க, பங்குனி வாக்குல திரும்பிப் போவாங்க. நான் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு. "வருஷத்துல அஞ்சு மாசம் வர்றவங்க, எந்த மேடையா இருந்தா அவங்களுக்கு என்ன?"

வேலை ஆரம்பிச்சப்போ கல்லு மட்டம் இல்லைன்னு தெரிஞ்சுது. மிஸ்திரி அதுக்கு மேல முக்கால் இஞ்ச் சிமென்ட் கலவை போட்டு மட்டம் பண்ணினார். அதுக்கு மேல பாலும், ஒன்பது மில்லிமீட்டர் டைலும். எல்லாம் சேர்த்து ஒண்ணேகால் இஞ்ச். சிங்க்குக்கு வெட்டின மூலையில கல்லுல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்துச்சு. வெள்ளை சிமென்ட் வெச்சு அடைச்சு, அதுக்கு மேலயும் டைல் போயிருச்சு. நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன். கண்ணுல படாட்டி சரியாயிருச்சுன்னு நினைச்சுக்கறதுல நமக்கு ஈடு யாரு?

வேலை முடிஞ்சதும் பளிச்சுன்னு இருந்துச்சு. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். தங்கமணி அஞ்சடி அஞ்சு அங்குலம். மேடை உசந்ததுல குனியறது குறைஞ்சு, முதுகுவலி கொஞ்சம் பரவாயில்லைன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல.

அம்மா நாலடி ஒன்பது அங்குலம்.

அந்தத் தீபாவளிக்கு வந்தாங்க. "நல்லா வெளிச்சமா இருக்குய்யா"ன்னாங்க, அவ்வளவுதான். சமையல்கட்டுல அடுப்புக்குக் கீழ அவங்க மணைப்பலகை கிடக்கும். அருவாமணை போட்டு உக்காந்து காய் நறுக்கறதுக்கு வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். மூணு மாசம் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தண்ணி குடிக்கப் போயிருக்கேன்.

2020 ஜனவரி, பொங்கல் கழிச்சு ஒரு நாள் காலையில சத்தம் கேட்டு ஓடினேன். அம்மாவுக்குக் குக்கர் சோறு ஆகாது, பானையில வெச்சு வடிக்கணும். மூடியை வெச்சு துணியால அழுத்திப் புடிச்சு, மேடை விளிம்புல பானையைச் சாய்ச்சிருக்காங்க. நின்னுக்கிட்டிருந்த பலகை நழுவியிருக்கு. கொதிக்கிற கஞ்சி இடது முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும்.

குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் கையைக் காட்டச் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஆட்டோவுல அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். "நான்தாய்யா பராக்கு பாத்துட்டேன்." வீட்டுக்கு வந்தப்புறம் தங்கமணி சொன்னாங்க, வந்த நாள்ல இருந்தே அம்மா அந்தப் பலகை மேல நின்னுதான் சமைக்கறாங்கன்னு. "அவன் ஆசைப்பட்டுப் பண்ணியிருக்கான், சொல்லாத"ன்னு அம்மா தடுத்துட்டாங்களாம். அந்தத் தழும்பு இப்பவும் இருக்கு. முழுக்கை ரவிக்கை போடாததால எனக்கு அது தினமும் தெரியும்.

ஒண்ணேகால் இஞ்ச்தானேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். அப்புறம்தான் டேப்பை எடுத்து அளந்தேன். நின்னுக்கிட்டு முழங்கையை மடக்கினா, தரையில இருந்து முழங்கை எவ்வளவு உசரமோ அதுல இருந்து நாலு இஞ்ச் குறைச்சா, நறுக்கறதுக்கு அது தோதான மேடை உசரம். இது சமையலறை போடறவங்க வெச்சிருக்கற பொதுக்கணக்கு. அடுப்பு வைக்கற இடம் அதுக்கும் கொஞ்சம் கீழ இருக்கணும். ஏன்னா அடுப்பு ஒரு உசரம், அதுக்கு மேல பானை ஒரு உசரம். அம்மாவுக்கு முழங்கை 35 இஞ்ச். அப்போ மேடை 31 இருக்கணும். பில்டர் போட்டது 33. அதுவே அவங்களுக்கு ரெண்டு இஞ்ச் கூடுதல், பத்து வருஷமா வந்து போனப்பவும் சமாளிச்சிருக்காங்க. நான் அதை 34 சொச்சம் ஆக்கிட்டேன். தோளைத் தூக்கிக்கிட்டு, உள்ளே என்ன கொதிக்குதுன்னு தெரியாம சமைச்சிருக்காங்க.

நம்ம அம்மாமார் நிறைய பேரு உக்காந்து சமைச்ச வீட்டுல பொறந்தவங்க. அடுப்பு தரையில, அம்மி தரையில, ஆட்டுக்கல் தரையில. கேஸ் வந்தப்புறம்தான் பல வீட்டுல மேடையே வந்துச்சு. சிலிண்டரை விட அடுப்பு உசரத்துல இருக்கணும்கறது கேஸ் பாதுகாப்பு விதி, அதனால நின்னு சமைக்கறது கட்டாயமாச்சு. அந்த உசரம் எவ்வளவுன்னு அவங்களை யாரும் கேக்கல. பில்டர் கேக்கல, சரி, அவன் யாரோ. பெத்த புள்ளை கேக்கலாமில்ல?

உடனே மாத்திரணும்னு நினைச்சோம். மார்ச்ல ஊரடங்கு வந்துருச்சு. ஊருக்குத் திரும்ப வேண்டிய அம்மா இங்கயே மாட்டிக்கிட்டாங்க. அந்த மேடையிலயே இன்னும் பல மாசம். அதுக்குள்ள சிமென்ட் வெச்ச டைல் இடுக்கெல்லாம் மஞ்சள் ஏறிப் போச்சு. எவ்வளவு தேய்ச்சாலும் போகல. சிங்க்கைச் சுத்தி மேடை உசந்ததால அங்க ஒரு படி மாதிரி ஆகி, வழிச்சு விட்ட தண்ணியெல்லாம் ஓரத்துல தேங்கும்.

2021ல உடைச்சோம். டைலைப் பேத்ததும் அந்த மயிரிழை விரிசல் விரல் நுழையற அளவுக்கு இருந்துச்சு. கீழ தாங்கி நின்ன கடப்பாப் பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ஈரம் கறுத்துப் போயி, கரப்பான் குடித்தனம். மேல நாம ஏத்தி வெச்ச கலவையும் டைலும் மட்டும் நூறு கிலோவுக்கு மேல. பத்தடிக்கு ரெண்டடி மேடை, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. விரிஞ்ச கல்லு மேல அவ்வளவு பாரம் ஏத்திட்டு அழகு பாத்திருக்கேன்.

புது மேடையை ரெண்டு மட்டமாப் போட்டோம். அடுப்புப் பக்கம் 30 இஞ்ச். சிங்க்கும் நறுக்கற இடமும் 34. தங்கமணிதான் விட்டுக் கொடுத்தாங்க, அடுப்புக்கு முன்னாடி கொஞ்சம் குனியறேன், பரவாயில்லைன்னு. சிலிண்டர் அடுப்பை விடக் கீழதான் இருக்குன்னு அளந்து பாத்துட்டுத்தான் அந்த 30ஐ முடிவு பண்ணினோம். பணம் ரெண்டு தடவை செலவு. மிச்சம் புடிச்ச கதை இப்படித்தான் முடியும்.

அம்மா வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில மணைப்பலகை பால்கனியில துளசித் தொட்டிக்குக் கீழ இருந்துச்சு.

சரி, அப்போ டைல் ஒட்டவே கூடாதான்னு நண்பர் கேப்பார். அப்படி இல்ல. வீட்டுல சமைக்கறவங்க உசரமா இருந்து, பழைய மேடை தாழ்வா இருந்தா, டைல் ஒட்டினா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. வாடகை வீடுன்னா ஓனர் உடைக்க விடமாட்டார், அங்கயும் அவர்கிட்ட கேட்டுட்டு ஒட்டறதுதான் வழி. ஆனா இதெல்லாம் பாத்துட்டு ஒட்டுங்க:

முதல்ல, காசால கல்லை முழுக்கத் தட்டிப் பாருங்க. ஒரே மாதிரி கணீர்னு கேக்கணும். டொப்புன்னு கேட்டா உள்ள பிடிப்பு விட்டிருக்கு. சிங்க் மூலை, அடுப்புப் பக்கம், சுவர் ஓரம் மூணையும் டார்ச் அடிச்சு அடியிலயும் பாருங்க. விரிசலோ ஈரமோ இருந்தா மூடாதீங்க. உடைச்சுருங்க.

ரெண்டாவது, சிமென்ட் கலவை வேண்டாம், டைல் ஒட்டற பசை வாங்குங்க. பையில ஐ.எஸ். 15477னு போட்டிருக்கும், பழைய கல்லு மேலயும் டைல் மேலயும் ஒட்டலாம்னும் எழுதியிருக்கான்னு படிச்சுப் பாருங்க. உசரம் அரை இஞ்சோட நிக்கும், பாரமும் பாதிக்குக் கீழ. வழவழப்பான கல்லைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாப் போகக் கழுவினாத்தான் பசை பிடிக்கும். டைலைத் தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுங்க, அறுக்கறவருக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் குடுங்க. அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, நுரையீரலை அரிக்கும்.

மூணாவது, சுவர்ல ஒட்டற டைலை மேடையில போடாதீங்க. அது தண்ணி குடிக்கும், குழவி கைதவறி விழுந்தா தெறிக்கும். விட்ரிஃபைட் டைல், பெரிய சைஸ், இடுக்கு கம்மியா. இடுக்கை எபாக்ஸி வெச்சு அடைக்கணும். விலை கூடத்தான், ஆனா மஞ்சள் ஏறாது.

நாலாவதுதான் முக்கியம். புது மேடை எவ்வளவு உசரம் வருமோ அவ்வளவு கனத்துக்கு ஒட்டுப்பலகை வாங்கி, காய் நறுக்கற இடத்துல மட்டும் ஆடாம வெச்சு, ரெண்டு நாள் அதுல வேலை செய்யச் சொல்லுங்க. சொல்லணும்னு தங்கமணிக்கு மட்டும் இல்ல. ஊர்ல இருந்து வந்து இருக்கற அம்மா, மாமியாருக்கும்தான். சமையலுக்கு வர்ற மாவ்ஷி இருந்தா, தினம் நிக்கறது அவங்கதான், அவங்களையும் கேளுங்க. "எதுன்னாலும் பரவாயில்ல"ன்னுதான் பதில் வரும். அதை நம்பாதீங்க. தோளையும் முழங்கையையும் பாருங்க, கீழ பலகை ஏதாச்சும் கிடக்குதான்னும் பாருங்க.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்துட்டு, "எங்களோட வந்து இருங்கம்மா"ன்னு கூப்பிடறோம். வர்றாங்க. அவங்களுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கறோம், கட்டில் போடறோம், டிவியில தமிழ்ச் சேனல் போட்டுத் தர்றோம். ஆனா அவங்க பகல் பூரா நிக்கற இடம் சமையல்கட்டு. அங்க அவங்க கைக்கு எட்டற உசரத்துல எதாவது இருக்கா? எங்க வீட்டுல ரொம்ப நாள் இல்ல.

நண்பரே, டேப்பை எடுத்துக்கிட்டு இன்னிக்கே போங்க. உங்க மாமியார் அடுத்த மாசம் வர்றாங்கன்னு சொன்னீங்களே, போன்லயே கேட்டுருங்க.

பி.கு.: அளக்கும்போது வீட்டுல எந்தச் செருப்பு போட்டு நிப்பாங்களோ அதைப் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்லி அளங்க. நான் முதல் தடவை அதுலயும் கோட்டை விட்டேன். :-)