ஆர்த்தோசிஸ்: பெயரும் பணியும்

நரம்பு, தசை, எலும்பு மண்டலங்களின் அமைப்பிலோ செயல்பாட்டிலோ ஏற்பட்ட குறையை ஈடுசெய்வதற்காக உடலின் வெளிப்புறத்தில் அணிவிக்கப்படும் சாதனமே ஆர்த்தோசிஸ் என்பது, பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 8549ஆம் எண் கலைச்சொல் தொகுதி தரும் வரையறையின் சாரம். இழந்த உறுப்பின் இடத்தை நிரப்பும் செயற்கைக் கை, செயற்கைக் கால் போன்றவை புரோஸ்தெசிஸ் எனப்படுகின்றன. இருக்கின்ற உறுப்பைத் தாங்குவதும் நிலைநிறுத்துவதும் அதன் அசைவை நெறிப்படுத்துவதும் ஆர்த்தோசிஸின் வேலை. வெளிப்புறத்தில் அணிவது என்ற நிபந்தனையால் அறுவை சிகிச்சையில் பதிக்கப்படும் தகடும் திருகும் இவ்வரையறைக்குள் வருவதில்லை. உறுப்போடு பொருந்தி அணியப்படாத ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் வேறு வகைத் துணைச் சாதனங்களாகின்றன.

இச்சொல் நிலைபெறும் முன்னர் இத்துறையின் சாதனங்கள் பெரும்பாலும் ஆக்கியோரின் பெயராலும் ஊரின் பெயராலும் அறியப்பட்டன. தாமஸ் ஸ்பிளின்ட், டெய்லர் பிரேஸ், மில்வாக்கி பிரேஸ் என்பவை அவ்வாறு வந்தவை. இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தால் கால் வலுவிழந்தோருக்குப் பொருத்தப்பட்ட உலோகக் கம்பிச் சாதனம் இன்றளவும் காலிப்பர் என்றே வழங்குகிறது. இப்பெயர்களைக் கொண்டு சாதனம் எந்த மூட்டுகளைக் கடக்கிறது என்பதைக்கூட அறிய முடியாது என்பதால், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க வல்லுநர்கள், சாதனம் தழுவும் மூட்டுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துப் பெயரிடும் முறையை வகுத்தனர். கணுக்காலையும் பாதத்தையும் தழுவுவது ஏ.எஃப்.ஓ., முழங்காலையும் சேர்த்துத் தழுவுவது கே.ஏ.எஃப்.ஓ., மார்பு முதுகெலும்பிலிருந்து இடுப்பு வரை தாங்குவது டி.எல்.எஸ்.ஓ. என்ற இன்றைய வழக்கு அதிலிருந்து வந்தது.

ஆயினும் முதலெழுத்துப் பெயர், சாதனம் எங்கே அணியப்படுகிறது என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. இதை உணர்ந்தே அம்முறையை வகுத்தோர், ஒவ்வொரு மூட்டின் ஒவ்வொரு திசை அசைவும் தடையின்றி விடப்பட வேண்டுமா, உதவப்பட வேண்டுமா, எதிர்க்கப்பட வேண்டுமா, ஓர் எல்லையில் நிறுத்தப்பட வேண்டுமா, ஒரே நிலையில் பிடித்து வைக்கப்பட வேண்டுமா, பூட்டப்பட வேண்டுமா என்று தனித்தனியே குறிக்கும் பரிந்துரைப் படிவத்தையும் உடன் தந்தனர். நாளடைவில் பெயர் நிலைத்தது, படிவம் நழுவியது. "வலது கால், ஏ.எஃப்.ஓ." என்ற ஒற்றை வரியோடு முடியும் பரிந்துரைகள் இந்த நழுவலின் விளைவு.

ஒரே பெயருக்குள் எதிரெதிரான பணிகள் அடங்குவதை ஏ.எஃப்.ஓ.விலேயே காணலாம். தொழுநோயால் பெரோனியல் நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதத் தொய்வு உற்றவருக்குத் தேவைப்படுவது, கால் தரையை விட்டு எழும்போது பாதம் தொங்காமல் தாங்கி, தரையில் ஊன்றும்போது வளைந்து கொடுக்கும் மெல்லிய பின்தகடு. பாதத்தில் உணர்வு குன்றியிருந்தால் அழுத்தப் புண் வராதபடி உட்புறத்தை மெத்தென அமைப்பதும் அதே பரிந்துரையில் இடம்பெற வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் தசை இறுக்கத்தால் பாதம் கீழ்நோக்கியும் உட்புறமாகவும் திரும்பியவருக்கு அந்த மெல்லிய தகடு போதாது. கணுக்காலின் பக்கங்களையும் அணைத்து அசைவைத் தடுக்கும் விறைப்பான அமைப்பே அவருக்குப் பொருந்தும். மூளை முடக்குவாதத்தால் முழங்கால் மடங்கியபடி நடக்கும் குழந்தைக்கு, கீழ்க்காலின் முன்புறத்தில் அழுத்தம் தந்து, தரை எதிர்விசையை முழங்காலுக்கு முன்னே செலுத்தி அதை நிமிர்த்தும் வகை பரிந்துரைக்கப்படுகிறது. முழங்காலிலோ இடுப்பிலோ கணிசமான நிலைத்த மடக்கம் இருந்தால் அதன் பயன் குறைந்துவிடும் என்பதால், மூட்டு அளவுகள் இல்லாத பரிந்துரை இங்கே பொருளற்றதாகிறது.

விறைப்பான ஏ.எஃப்.ஓ. என்று வகையைக் குறித்த பின்னும் தெளிவு முழுமையடைவதில்லை. சாதனத்துக்குள் கணுக்கால் எந்தக் கோணத்தில் பிடிக்கப்படுகிறது என்பதும், காலணியோடு நிற்கும்போது கீழ்க்கால் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்கிறது என்பதும் இரு வேறு அளவுகள். முதலாவதைக் கெண்டைத் தசையின் நீளம் தீர்மானிக்கிறது. இரண்டாவதைக் குதிகாலின் கீழ் வைக்கும் ஆப்பாலும் காலணியின் குதி உயரத்தாலும் மாற்றலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, தசை குறுகிய காலைச் செங்கோணத்தில் வலிந்து பிடித்தால் குதிகால் சாதனத்துக்குள் ஊன்றாமல் எழும்பும், நடுப்பாதம் உடைந்து வளையும். பழுது வார்ப்பில் இல்லாதபோதும் பழி வார்த்தவரைச் சேரும்.

இக்குறையை நீக்குவதற்கான சட்டகம் ஐ.எஸ்.ஓ. 8551இல் ஏற்கெனவே உள்ளது. சாதனம் அணியவிருக்கும் நபரின் நிலை, சிகிச்சையின் நோக்கம், சாதனம் நிறைவேற்ற வேண்டிய பணி ஆகிய மூன்றையும் வரிசையாக விவரிக்குமாறு அது கோருகிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1992இன் கீழ்ப் பதிவு பெற்ற ஆர்த்தோடிஸ்டுகள் பணிபுரியும் மையங்களில் மருத்துவரும் வல்லுநரும் ஒரே அறையில் பேசித் தீர்க்க வழியுண்டு; ஆனால் அளவெடுப்பு ஓரிடத்திலும் தயாரிப்பு மற்றோரிடத்திலுமாக நடக்கும் முகாம்களில் பரிந்துரைத் தாள் ஒன்றே இருவரையும் இணைக்கிறது. பணியையும் நோக்கத்தையும் எழுதிய தாள், பொருத்திய பின் சாதனம் தன் வேலையைச் செய்கிறதா என்று சரிபார்க்கும் அளவுகோலாகவும் பயன்படுகிறது. வெறும் பெயர் எழுதிய தாளைக் கொண்டு சாதனம் வந்து சேர்ந்ததா என்பதை மட்டுமே சரிபார்க்க முடியும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். ஏ.எஃப்.ஓ. பயனளித்தது அல்லது அளிக்கவில்லை என்று மட்டும் கூறும் முடிவு, எவ்வகை, எந்தப் பொருள், என்ன தடிமன், எக்கோணம், எக்காலணி என்பவை தெரியாதவரை பிறரால் மீளச் செய்யவோ ஒப்பிடவோ இயலாதது. எனவே இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் சாதனத்தின் பெயரோடு ஒவ்வொரு மூட்டிலும் அது செலுத்தும் கட்டுப்பாடும் மேற்கண்ட விவரங்களும் இடம்பெற வேண்டும். நோயாளிக்கு எழுதப்படும் பரிந்துரைக்கும் இதனினும் குறைந்த அளவுகோல் இருக்க நியாயமில்லை.