உறங்கும் வைரஸும் நிறுத்தக்கூடாத மாத்திரையும்

"இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்கிறீர்கள், பிறகு மாத்திரை எதற்கு?" எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரும் அவர்தம் குடும்பத்தினரும் எழுப்பும் இக்கேள்வி நியாயமானது. "மருத்துவர் சொன்னால் சாப்பிடுங்கள்" என்பது அதற்கு விடையாகாது. காரணத்தை அறிந்தவருக்கே ஆயுள் முழுவதும் மருந்தைத் தொடரும் உறுதி பிறக்கும்.

அக்காரணம் மரபணு இயங்கும் முறையில் உள்ளது. ஒரு மரபணு செயற்பட, முதலில் அது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட வேண்டும். இப்பணியைச் செய்யும் நொதி, பல மரபணுக்களில் சுமார் 20 முதல் 60 எழுத்துகளைப் படியெடுத்ததும் நின்றுவிடுகிறது. உரிய புரதங்கள் தடையை நீக்கிய பின்னரே மேலே செல்கிறது. 1980களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் லிஸ் குழுவினர் பழ ஈக்களில் இதனை ஆராய்ந்தனர். வெப்பத்திலிருந்து உயிரணுவைக் காக்கும் மரபணுவில், வெப்பம் தாக்குமுன்பே அந்நொதி ஏறி நின்று காத்திருந்தது. ஆபத்து வந்தால் நொடியும் தாழ்த்தாது செயற்பட இயற்கை செய்த ஏற்பாடு இது.

எச்.ஐ.வி. தன் மரபணுவை நம் வெள்ளணுக்களின் டி.என்.ஏ.விலேயே செருகிவிடுகிறது. சில அணுக்களில் அதன் படியெடுப்பும் தொடக்கத்திலேயே நின்றுபோகிறது. வைரஸ் உறங்குவதற்கான முக்கியக் காரணங்களுள் இது ஒன்று. நாம் உண்ணும் மருந்துகள் பெருகும் வைரஸைத் தடுக்கின்றன. உறங்கும் வைரஸை அழிப்பதில்லை. அவ்வணு தூண்டப்படும்போது, டாட் என்னும் வைரஸ் புரதம் நம் அணுவின் புரதங்களையே துணைக்கழைத்துத் தடையை நீக்குகிறது. எனவேதான் மருந்தை நிறுத்தியோருள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் மீண்டும் இரத்தத்தில் தோன்றுகிறது.

இவ்வளவு நுட்பமான அறிவியல் நோயாளிக்குத் தேவையா, வீணாக அச்சமூட்டாதா எனச் சிலர் வினவுவர். அறியாமையே பேராபத்து என்பேன். தென்படாததை முற்றிலும் குணமானதாகக் கருதுபவரே, "வேரோடு நீக்குகிறோம்" என்னும் போலி விளம்பரங்களை நம்பி மருந்தைக் கைவிடுகின்றனர்.

வைரஸ் தொடர்ந்து தென்படாதிருப்பது மெய்யான வெற்றி. அந்நிலையில் பாலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. உறங்கும் வைரஸை எழுப்பி அழிக்கவும், நிரந்தரமாக உறங்கச் செய்யவும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அவை பலனளிக்கும் நாள் வரை, அன்றாட மாத்திரையே நம் காவல். ஐயமிருப்பின் அடுத்த வருகையில் தயங்காது கேளுங்கள். காரணத்தை விளக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.