நாலு வெளிநாட்டவர், ஒரு லட்சம் டாலர்



சேலையூர் வாசகர் ஒருவர் மாதம் தவறாமல் நமக்கு எழுதுவார். பணி ஓய்வு பெற்றவர். சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறிவிடுகிற ரகம். இந்த முறை ஒரே உறையில் இரண்டு புகார் அனுப்பியிருக்கிறார். முதல் தாளில் ஐபிஎல். ஆடும் பதினோரு பேரில் நாலு வெளிநாட்டவர் என்பதை இரண்டாகக் குறைக்க வேண்டும், நம்ம பையன்கள் பெஞ்சிலேயே தேய்கிறார்கள் என்கிறார். இரண்டாம் தாளில் அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசா. திறமை உள்ளவனைக் கூப்பிட ஒரு லட்சம் டாலர் கட்டணமா என்று கொதிக்கிறார். மகன் டாலஸில் வேலை பார்க்கிறார். இங்கே இரவு 7.30-க்கு முதல் பந்து விழும்போது அங்கே காலை 9 மணி. அப்பாவும் பிள்ளையும் போனில் பேசிக்கொண்டே ஆட்டம் பார்ப்பார்களாம்.

இரண்டு தாளையும் அடுத்தடுத்துப் படித்தபோது சிரிப்பு வந்தது உண்மை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதானே! ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் கேட்பது இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதலில் கிரிக்கெட். நாலு பேர் என்று வரம்பு வைத்ததால்தான் மீதி ஏழு இடம் நம்மவர்களுக்கு உறுதியாகிறது. அந்த ஏழில் ஓர் இடத்தைப் பிடித்தவர் வருண் சக்கரவர்த்தி. நமக்குப் பக்கத்தில் காட்டாங்கொளத்தூர் எஸ்ஆர்எம்மில் ஆர்க்கிடெக்சர் படித்து, வேலைக்கும் போய், டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் பந்துவீச்சு வித்தைகளைக் கற்றுக்கொண்டவர். 2018 டிஎன்பிஎல்லில் மதுரைக்காக ஆடினார்; அந்த ஆண்டுக் கடைசியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி ரூபாய்க்குப் போனார். ஏழு இடம் என்ற உறுதி இல்லாவிட்டால் இப்படி ஒருவர்மீது அவ்வளவு பணம் போட எந்த அணி துணிந்திருக்கும்?

அதே சேப்பாக்கத்தில் 2025 மார்ச் 23 அன்று மும்பைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 65 அடித்து, சிக்ஸரோடு முடித்தவர் ரச்சின் ரவீந்திரா. அவருடைய அப்பா பெங்களூரிலிருந்து வெலிங்டன் போய்க் குடியேறிய மென்பொருள்காரர். அப்பாவுக்கு நியூஸிலாந்து கதவு திறந்தது. பிள்ளை அந்த நாட்டுத் தொப்பியோடு நம் ஊருக்கு ஆட வந்தார். நம் கணக்கில் அவர் 'வெளிநாட்டவர்'. நம் வாசகரின் யோசனைப்படி இரண்டே பேர்தான் என்றிருந்தால், அன்று ரச்சின் ஆடியிருப்பாரா என்பதே சந்தேகம்.

வெளிநாட்டவர்மீது கூடுதல் கெடுபிடி போடுவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. 2025 டிசம்பர் மினி ஏலத்தில் ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. அவர் கைக்குப் போவது 18 கோடி. மிச்சம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் வீரர் நலநிதிக்கு. மினி ஏலத்தில் வெளிநாட்டவருக்கு மட்டும் அப்படி ஓர் உச்சவரம்பு. இந்திய வீரருக்கு அது கிடையாது. ஆனாலும் ஏலத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே கிரீனுக்கு இது தெரியும்.

இனி அமெரிக்கா. 1990-ல் போட்ட சட்டத்தில் பிறந்தது எச்-1பி. இப்போது ஆண்டுக்கு 65,000 இடம். அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. அந்த எண்ணிக்கையில் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? அவர்கள் வீட்டு வாசல், அவர்கள் வைத்த அளவு. ஆனால் 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, அந்த ஒரு லட்சம் டாலர் புதுக் கட்டண அறிவிப்பு வந்தது. ஞாயிறு பிறக்கும்போதே அமல். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்கள் பதறியடித்து டிக்கெட் தேடினார்கள். புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கு இல்லை என்ற விளக்கம் சனிக்கிழமைதான் வந்தது. அந்த ஒரு நாள் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காதோ! விமான நிலையத்தை ஒட்டியிருக்கிற விசா கணபதியிடம் வேண்டிக்கொண்டு போனவர்கள் பலர் நம் பக்கத்துத் தெருக்காரர்கள் ஆயிற்றே.

வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு நிறுவனம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும் என்பது இன்னொரு கத்தி. கிரீன் கார்டுக்கு எந்த நாட்டவரும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால், இந்தியருக்கு வரிசை ஆண்டுக்கணக்கில் நீளுகிறது. எத்தனை பேரை விடுவது என்பது வீட்டுக்காரர் உரிமை. உள்ளே விட்ட பிறகு விதியைப் பாதி ஓவரில் மாற்றுவதும், வந்தவரை ஒரே முதலாளியின் தயவில் தொங்கவிடுவதும்தான் அநியாயம். சேலையூர் வாசகரின் கோபத்தில் எனக்கு உடன்பாடு இந்த இடத்தில்தான்.

அவருக்கும் நமக்கும் மூன்றாவது தாள் ஒன்று பாக்கி இருக்கிறது. ராஞ்சியில் பிறந்த தோனியைத் 'தல' என்று தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஊர் இது. அதே ஜார்க்கண்டிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்து வண்டலூர்ப் பக்கம் அடுக்குமாடிக்கு சென்ட்ரிங் அடிக்கிற, ஒரகடத்தில் ஷிப்டுக்கு நிற்கிற பையன்களை டீக்கடை பெஞ்சில் எப்படிக் குறிப்பிடுகிறோம்? அவர்களுக்கு விசா வேண்டாம், சொந்த நாடுதான். ஆனாலும் எட்டுப் பேருக்கு ஓர் அறை, பேசியதில் பாதிக் கூலி, வேலை முடிந்த அன்றே வெளியே போ என்கிற மேஸ்திரி. டாலஸ் பிள்ளைக்கு எது கூடாது என்கிறோமோ, அது இங்கே தகரக் கொட்டகையில் தினமும் நடக்கிறது.

ஆகவே சேலையூர் ஐயா, ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தில் நீங்களே ஒரு விதி எழுதி அனுப்புங்கள். எத்தனை பேர் வரலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் அது சேப்பாக்கத்துக்கும், டாலஸுக்கும், ஒரகடத்துக்கும் ஒரே மாதிரி செல்லுபடியாக வேண்டும். மற்ற வாசகர்களும் எழுதலாம். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்