பச்சை முத்திரையைப் பார்த்தா வாடிக்கையாளர் வாங்குகிறார்?

"சுற்றாடலுக்கு உகந்தது" என்று பெட்டியில் அச்சடித்துவிட்டால் பொருள் தானாக விற்கும் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். முப்பது வருடங்களாகக் கடையில் நிற்பவன் என்ற வகையில் எனது அனுபவம் வேறு. வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது முத்திரையை அல்ல, தனது பணப்பையை.

மின்குமிழை எடுத்துக்கொள்வோம். எல்.ஈ.டி. குமிழைக் கையில் எடுத்து, விலை கூட என்று திரும்ப வைத்துவிட்டுப் போனவர்கள், மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியபோது தாமாகவே தேடி வந்தார்கள். பழைய 60 வோட் குமிழின் வெளிச்சத்தை இது 9 வோட் அளவில் தரும் என்று சொன்னால் போதும், வியாபாரம் முடிந்துவிடும்.

ஷொப்பிங் பேக்கின் கதையும் இதுதான். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தபோது எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஆனாலும் மறுவாரமே, "பாரம் கூட, ரெண்டு பேக்காப் போட்டுத் தாங்க" என்றார்கள். பொலித்தீன் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் வந்த பின்னர்தான் வீட்டிலிருந்து சீலைப் பை கொண்டு வருபவர்களைக் காண்கின்றேன்.

அப்படியானால் பணம் மட்டும்தானா? இல்லை. பணம் ஒருமுறை வாங்க வைக்கும். மறுமுறை வாங்க வைப்பது வியாபாரியின் வார்த்தை.

இதை நான் நட்டப்பட்டே படித்தேன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு விநியோகஸ்தர் "மண்ணில் உக்கும்" என்று அச்சிட்ட பேக்குகளைக் கொண்டு வந்தார். நானும் விசாரிக்காமல் வாங்கி, அதையே சொல்லி விற்றேன். ஒரு டீச்சர் அதைத் தோட்டத்தில் புதைத்து வைத்து, ஒரு வருடம் கழித்துத் தோண்டியெடுத்துக் கடைக்கே கொண்டு வந்தார்.

"நானா, இது துண்டு துண்டா உடைஞ்சிதான் இருக்கு, உக்கல்லையே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னர் உண்மையான நல்ல பொருளைக் காட்டினாலும் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். பொலித்தீனில் ஒரு இரசாயனத்தைச் சேர்த்து உடைந்துபோகச் செய்யும் இவ்வகைப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் தடைசெய்திருப்பதை நான் பிறகுதான் அறிந்தேன். உடைவது வேறு, உக்குவது வேறு.

ஆகவே வர்த்தகச் சகோதரர்களே, "பசுமை" என்று வரும் பொருளை வாங்குமுன் அது எதனால் செய்யப்பட்டது என்று கேளுங்கள். பரிசோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு அதன் இலாபத்தை ரூபாய்க் கணக்கில் சொல்லுங்கள். உங்களுக்கே நிச்சயமில்லாததைச் சொல்லாதீர்கள்.

விநியோகஸ்தர் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விடுவார். அதே வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே கடையில் இருக்கப் போவது நாம்தான்.